மச்சாள் வீட்டுச் சுவரில் என் நவஹோ கம்பளம்

சுவிஸில், ஷ்லீரன் என்ற ஊரில் நான் துப்புரவு வேலைக்குப் போன வீட்டில் ஒரு சுவிஸ் மூதாட்டி தனியாக இருந்தார். முதியோர் இல்லத்துக்குப் போகும் நாளில், வரவேற்பறையில் கிடந்த கம்பளத்தைச் சுருட்டி என்னிடம் தந்தார். அமெரிக்காவில் வேலை செய்த காலத்தில் அவர் கணவர் வாங்கியதாம். அங்குள்ள நவஹோ பழங்குடிப் பெண்கள் கையால் நெய்ததாம். அதன் வயது நூறைத் தாண்டுமாம்.

எங்கள் ஆட்களுக்கு வீட்டுச் சாமான் என்றால் புதுசாக இருக்க வேண்டும். சோபாவின் பொலித்தீன் உறையையே ஒரு வருடம் கழற்றாத குடும்பம் என்னுடையது. பிறத்தியார் மிதித்த பழசை, சாமிப்படம் இருக்கிற வீட்டில் எப்படி விரிப்பது? பாசல் நகரில் புதுவீடு வாங்கிய தம்பியின் மனைவியிடம், "வாசலிலை சப்பாத்துக் கழட்டி வைக்க உதவும் மச்சாள்" என்று தள்ளிவிட்டேன்.

அடுத்த பொங்கலுக்குப் போனால், அது அவள் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. சிவப்பும் கறுப்புமாகப் படிப்படியாக இறங்கும் கட்டங்கள். மேலே குட்டி விளக்கு வேறு. வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள்.

"பழசிலை நல்லதைக் கண்டுபிடிக்க ஒரு கண் வேணும்" என்றாள் மச்சாள். யார் தந்தது என்று மூச்சு விடவில்லை. எனக்கு அதைத் திருப்பி வாங்க வேண்டும் போலிருந்தது. ஆனால் எப்படிக் கேட்பது; சப்பாத்து வைக்கக் கொடுத்தவள் நான்தானே.

பிறகு ஒருநாள் மூதாட்டியைப் பார்க்கப் போனேன். கம்பளம் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார்.

"சுவரில் மாட்டியிருக்கிறேன்" என்று பொய் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அடுத்த முறை ஒரு படம் கொண்டு வா. நீயும் அதில் இருக்க வேண்டும்."

அதற்காகவே பாசலுக்கு ரயில் ஏறினேன். ஊருக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்று சொல்லி, மச்சாளின் சோபாவில், கம்பளத்துக்குக் கீழே, வீட்டுக்காரி மாதிரி உட்கார்ந்தேன். அவள்தான் படம் எடுத்தாள்.

"ஏன் உம்மெண்டு இருக்கிறியள்? கொஞ்சம் சிரியுங்கோ மச்சாள்."

சிரித்தேன்.

மூதாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் மருமகளும் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. அவள் அதை வாசலில் போட்டுச் சப்பாத்து வைத்திருப்பாள்."