வியாகுலம்மாளின் ஊமைக்காயம்

வியாகுலம்மாளுக்கு அடி கொடுத்துத்தான் பழக்கம், வாங்கிப் பழக்கமில்லை. காசிமேட்டில் மீன் ஏலம் விடும் பெண்களில் அவளுடைய தொண்டையும் கையும் ராயபுரம் முழுக்கப் பேர் போனவை. புருஷன் குடித்துவிட்டு முதன்முதலாகக் கை ஓங்கிய அன்று, துடுப்பை எடுத்து அவன் முழங்காலை உடைத்தாள். அந்த மனுஷன் சாகிற வரைக்கும் நொண்டிக்கொண்டு, ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டான். ஏலத்தில் விலை கூப்பிட்டுவிட்டுப் பின்வாங்கிய வியாபாரி ஒருவனை ஐஸ் பெட்டிக்குள் தலைகீழாகச் செருகியதும் அவள்தான். கோயிலில் அவள் முழங்காலிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் தானாகவே கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள்.

அப்படிப்பட்டவளை ஜார்ஜ் குத்திவிட்டான்.

ஜார்ஜ் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் அரைக்கும் மிஷின் வைத்திருப்பவன். அன்று காலை அவளுக்கு வரவேண்டிய ஐஸை வேறு படகுக்குக் கொட்டிவிட்டான். வெயில் ஏற ஏற அவளுடைய வஞ்சிரம் தளர்ந்துகொண்டே போனது. நேராகப் போய், அவன் அம்மாவையும் ஆத்தாவையும் இழுத்துப் பேசி, செருப்பைக் கழற்றி முகத்திலேயே ஒன்று வைத்தாள். அவன் யோசிக்கவே இல்லை. நடு மார்பில் ஒரு குத்து. மீன் குடலும் தண்ணீருமாகக் கிடந்த தரையில் வியாகுலம்மாள் மல்லாந்து விழுந்தாள். யாரோ சிரித்தார்கள்.

"பொம்பள மார்ல கை வச்சிட்ட இல்ல? அந்தக் கை உன்கிட்ட இருக்காதுடா!" என்று விழுந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

வலி அதற்குப் பிறகு வந்தது. கூடையைத் தூக்கினால் நெஞ்சை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். மாடிப்படி ஏறினால் இடது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் இழுத்தது. எதிர் வீட்டு ரேச்சல் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ஊமைக்காயம்கா இது. வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள ரத்தம் கட்டிக்கினு கீது."

தெருவே தலையாட்டியது. அந்தத் தெருவில் அடிபடாத ஆளில்லை, ஆகவே அடியைப் பற்றித் தெரியாத ஆளும் இல்லை. முட்டை வெள்ளையும் உளுத்தமாவும் குழைத்துப் பற்றுப் போட்டார்கள். பிராந்தியில் பச்சை முட்டையை அடித்துக் கொடுத்தார்கள். நாட்டுக்கோழிச் சாறு வைத்தார்கள். யாரும் குத்தாமல் இதே வலி வந்திருந்தால் அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். குத்து ஒன்று கண்ணெதிரே இருந்ததால் இருதயம் என்ற சொல்லே ஒருவர் வாயிலும் வரவில்லை. மடத்தனம்தான், ஆனால் சத்தியமாக அன்போடு செய்த மடத்தனம்.

வலி கூடக் கூட ஜார்ஜ் மேல் வெறியும் கூடியது. அவளுடைய ஒரே மகன் பிராங்கிளின், துறைமுகத்தில் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவன், "நான் போய் கேக்கறேம்மா" என்று துள்ளியபோது அவள்தான் அடக்கினாள். அவள் சண்டையை அவளே போடுவாள். ஒரு நாள் ஐஸ் கட்டி இழுக்கும் இரும்புக் கொக்கியை எடுத்துக்கொண்டு போய் ஜார்ஜின் தோளைக் கிழித்தாள். சட்டை நனைந்து ரத்தம் ஐஸ் மேல் சொட்டியது. இரண்டாவது முறை ஓங்குவதற்குள் மூச்சு நின்றுபோய், அவன் காலடியிலேயே குந்திவிட்டாள். ஜார்ஜ் தோளைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"போய் வூட்ல படு, கெழவி" என்றான்.

அந்தக் குத்தைவிட இந்தச் சொல் அவளைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலை, ஏலத்தின் நடுவில், வாயில் பாதி விலை நிற்க, கொடுவா மீன் குவியலின் மேல் முகங்குப்புற விழுந்தாள். பிராங்கிளின் ஆட்டோவில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினான். ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். மாரடைப்பு, உடனே ஆஞ்சியோகிராம் பண்ணி உள்ளே பார்க்க வேண்டும் என்றார்கள். மாரடைப்பு என்ற சொல் அம்மாவுக்கும் மகனுக்கும் ஒரே மாதிரிதான் கேட்டது: குத்தினான், அடைத்துக்கொண்டது.

தள்ளுவண்டி கதவை நெருங்கும்போது அவள் கழுத்திலிருந்த செபமாலையைக் கழற்றி மகன் கையில் திணித்தாள்.

"இது மேல சத்தியம் பண்ணு. நான் திரும்பி வந்தாலும் சரி, வராங்காட்டியும் சரி, அவன் சோத்துக்கை அவன்கிட்ட இருக்கக்கூடாது."

"சத்தியமா, மா" என்றான் பிராங்கிளின். அவன் கண்ணெல்லாம் தண்ணீர். பெற்றவள் கேட்டதை அவன் இல்லையென்று சொன்னதே கிடையாது.

உள்ளே குளிர். வலது மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, அதன் வழியாக மெல்லிய குழாயை ஏற்றினார்கள். அவள் விழித்தபடிதான் கிடந்தாள். டாக்டர் ராமசெல்வி திரையைக் காட்டிப் பேசினார்.

"இங்க பாருங்கம்மா. ரெண்டு ரத்தக்குழாய்ல அடைப்பு. இது பழசு. பல வருஷமா கொஞ்சம் கொஞ்சமா சுண்ணாம்பு மாதிரி படிஞ்சிருக்கு. முன்னாடி நடக்கும்போது மூச்சு வாங்கலையா?"

வாங்கியது. கோயில் தேர் பவனியில் பாதி வழியில் உட்கார்ந்திருக்கிறாள். வாயு என்று இஞ்சி தின்றாள்.

"மார்ல குத்து பட்டதால இல்லியா டாக்டர்?"

"குத்தா? குத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

வியாகுலம்மாள் சட்டென்று எழப் பார்த்தாள். இரண்டு பேர் அவளை அமுக்கினார்கள். ஒருவனின் மூக்கில் இடது முட்டி பட்டு ரத்தம் வந்தது. "எம்புள்ளய கூப்டுங்க! வெளிய நிக்கறான், போவ வேணாம்னு சொல்லுங்க! வுடுங்கடா என்ன!" என்று அலறினாள். குழாய் உள்ளே இருக்கிறது, எழுந்தால் செத்துப்போவீர்கள் என்று டாக்டர் கத்தினார். "சாவறேன், அவன கூப்டுங்க" என்றாள்.

ஒரு நர்ஸ் ஓடிப் போய் வராந்தாவில் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஆளில்லை. போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தான். மயக்க ஊசி ஏறி இமைகள் விழும் வரைக்கும் வியாகுலம்மாள் மகனின் பேரைச் சொல்லிக்கொண்டே கிடந்தாள். அடைப்பை விரித்து இரண்டு ஸ்டென்ட் வைத்து முடித்தார்கள். வேலை சுத்தமாக நடந்தது.

மாலையில் கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் பிராங்கிளின் நின்றான். சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. வார்டு கதவிலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் அவனைத் தேடி உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். அவன் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முட்ச்சிட்டேம்மா. மணிக்கட்டோட. ஐஸ் மிஷினாண்டயே, எல்லாரும் பாக்க." செபமாலையைப் பத்திரமாக அவள் உள்ளங்கையில் வைத்தான். "டாக்டர் இன்னா சொன்னாங்க? அவன் குத்துதான?"

தலைமாட்டுத் திரையில் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. டாக்டர் ராமசெல்வி இரண்டு கட்டில் தள்ளி நின்றிருந்தார். பயம் என்றால் என்னவென்று வியாகுலம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இனி பல வருஷம் ஜெயிலில் படுக்கப்போகிற பிள்ளை, வெட்டியது வீண் என்று தெரிந்துகொண்டா போக வேண்டும்?

"ஆமாண்டா நைனா" என்றாள். "அவன் குத்துதான்."

பிராங்கிளின் முகம் மலர்ந்தது. குனிந்து அம்மாவின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, தானாகவே கையை நீட்டினான். ஒரு போலீஸ்காரர் அவனைக் கூட்டிக்கொண்டு போனார். அவன் படியிறங்கும் சத்தம் அடங்கும் வரை அவள் காத்திருந்தாள். பிறகு மற்றவரைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"எம்பேர மொதல்ல எழுதிக்கோ சார். நான் சொல்லித்தான் வெட்னான். சத்தியம் வாங்கி அனுப்சேன்."

அவர் அவளையும் அவள் மேல் ஒட்டியிருந்த ஒயர்களையும் பார்த்தார்.

"அந்தாளு உன்ன இன்னாமா பண்ணான்?"

வியாகுலம்மாள் உள்ளங்கையிலிருந்த செபமாலையை இறுக்கி மூடினாள்.

"ஒண்ணும் பண்ல சார்" என்றாள்.