ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த தகடு

அந்தத் தகட்டில் இருபத்திரண்டு கோடுகள் இருந்தன. ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால், முழங்கை உயரத்தில், ஆணியால் கீறிய கோடுகள். மலேசியாவில் கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் இடையே அந்தப் பஸ்ஸை ஓட்டியவர் என் அப்பா. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பஸ்ஸைக் கழுவி மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும், இந்த வருடமும் விபத்தில்லாமல் போயிற்று என்று ஒரு கோடு கீறுவார். நான் பிறந்த வருடத்துக் கோடு மட்டும் ஒரு விரல் கூடுதல் நீளம். அப்பா எழுதுகிற ஆள் இல்லை. ஒரு கடிதம்கூடக் கிடையாது. தன் கைப்பட விட்டுப்போனது என்று பார்த்தால் அந்தக் கோடுகள்தாம்.

அதே பஸ்ஸில் அவரோடு டிக்கெட் கிழித்தவர் கண்டக்டர் மாமா. அப்பா இறந்து பல வருடம் கழித்து ஒருநாள் போன் செய்தார். “தம்பி, நம்ம பஸ் கிடைச்சிருச்சுடா! மேருவுல ஒரு பட்டறையில நிக்குது. ஒரு முதலாளி அதை வாங்கிப் பழையபடி ஆக்குறாரு. என்னைத்தான் பார்த்துக்கச் சொல்லியிருக்காரு. உள்ள பெயிண்ட் நீதான் அடிக்கணும் லா.”

வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் என் தொழில். சாலாக் செலாத்தானிலிருந்து ஞாயிறுதோறும் மேருவுக்கு ஓடினேன். கூரைக்கு வெண்ணெய் நிறம், ஜன்னலுக்குக் கீழே பச்சை. சுரண்டச் சுரண்ட, பழைய பெயிண்ட் ஐந்து அடுக்காக உரிந்து வந்தது. மாமா பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு, எந்த சீட்டில் யார் தூங்குவார்கள் என்று பேர் பேராகச் சொல்வார். சிரித்துச் சிரித்து பிரஷ் ஆடும். நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: கோடு போட்ட தகட்டை யாரும் தொடக்கூடாது. “தொட விடுவேனா? அது எனக்கும் சொந்தம்டா” என்றார்.

ஒரு ஞாயிறு போனபோது தகட்டைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன். “பழசு துருப்பிடிச்சிருச்சு, பஸ்ல நிக்காது. வீட்டுல பத்திரமா வெச்சிருக்கேன். வேலை முடியட்டும், உனக்கே தரேன்” என்றார் மாமா. அதே அளவில் ஒரு தகட்டை, சாம்பல் நிற அடிப்பூச்சோடு, என் முன்னால் வைத்தார். வீட்டுக்கே வரப்போகிறதே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்ததும் ஈர உப்புத்தாளால் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி முடித்தேன். என் தொழிலில் அவ்வளவு நேர்த்தியாக வேறெதையும் அடித்ததில்லை.

வேலை முடிந்து வந்த ஆயுத பூஜையன்று சாமி அறைச் சுவரில் இடம் ஒழித்துவிட்டு, பிரிக்பீல்ட்ஸிலிருந்த மாமாவின் வீட்டுக்குப் போனேன். தகட்டைக் கேட்டேன். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், குடித்தார், தரையைப் பார்த்தார்.

“நீ அடிச்சியே, அதுதான்டா.”

பஸ், கம்பெனியிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி வேண்டும், ஒரு கீறல் இருக்கக்கூடாது என்று அந்த முதலாளி முதல் நாளே சொல்லியிருக்கிறார். மாமாவும் தலையாட்டியிருக்கிறார். கிரைண்டர் வைத்துக் கோடுகளைத் தேய்த்து, மிச்சப் பள்ளத்தைப் புட்டிப் பசை அப்பி மூடி, அடிப்பூச்சு அடித்து என்னிடம் தந்திருக்கிறார்.

“சொல்லியிருக்கலாமே மாமா.”

“சொன்னா நீ பிரஷ்ஷைக் கீழ வெச்சிருவே. பஸ் பாதியில நின்னுருக்கும். உங்கப்பா இருந்திருந்தா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாருடா.”

அப்பா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்தான். யார் என்ன செய்தாலும் பொறுத்துப்போன மனிதர். அது மாமாவுக்குத் தெரியும், இருபத்திரண்டு வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவராயிற்றே. இறந்த பிறகும் அந்தப் பொறுமையைத் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொண்டார் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது அந்தப் பஸ் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நிற்கிறது. பழைய காக்கிச் சட்டையில் மாமா வாசற்படியில் நின்று எல்லாரையும் ஏற்றிவிடுகிறார் என்று கேள்வி. என் மகள் ஒருமுறை போய்வந்தாள். “அப்பா, டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி என்னா ஷைனிங்! யாருப்பா அடிச்சது?” என்றாள்.

நான்தான் என்று சொன்னேன்.