துரை உட்கார்ந்த நாற்காலி

எங்கள் மாமாவுக்குக் கண் போன அன்று நான் பக்கத்தில் இல்லை. இருந்திருந்தால் எனக்கும் போயிருக்கும். கல்லுமலையில் பாறை உடைக்க வெடி வைத்துவிட்டு எல்லோரும் ஓடி ஒளிந்தார்களாம். வெடி வெடிக்கவில்லை. ஏன் வெடிக்கவில்லை என்று எட்டிப் பார்த்தவர் எங்கள் மாமா. எதையும் எட்டிப் பார்க்கிற குணம் அம்மா வழியில் எல்லோருக்கும் உண்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில் எங்களுடைய ஒற்றை அறையில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்கு ரயிலுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. ரப்பர் விலை விழுந்த காலம் அது. தோட்டங்களில் ஆள் கழித்துக் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கை கால் நன்றாக இருந்தவர்களுக்கே அந்தக் கதி. வேலைக்கு லாயக்கில்லை என்று ஒரு காகிதம் வந்தால் மாமாவும் கப்பல் ஏற வேண்டியதுதான். அங்கே அவருக்கு ஒரு குடிசைகூட இல்லை. இருந்த ஒரே சொந்தம் இங்கே இருந்தது, அதாவது எங்கள் அம்மா. அம்மா ராத்திரி பகலாக வேண்டாத சாமி இல்லை.

சாமி எதுவும் வரவில்லை, ஒரு துரைசானிதான் வந்தாள். ஆற்றோரம் ஒரு பலகை வீட்டை எடுத்து, அடிபட்டு முடங்கிய ஆட்களுக்குப் பிரம்பு நாற்காலி பின்னக் கற்றுக் கொடுக்கிறாள், தொழில் தெரிந்தவனை யாரும் கப்பலேற்ற மாட்டார்கள் என்று பேச்சு. அப்பா யார் யாரையோ பிடித்து மாமாவை அங்கே சேர்த்துவிட்டார். மாமாவோடு சேர்த்து ஆறு பேர். ஒருவருக்குக் கால் இல்லை, இருவருக்குக் கண் இல்லை, மற்றவர்களுக்கு ஏதோ ஒன்று இல்லை.

மாமாவைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது ஒன்பது வயசுப் பிள்ளையான என் பொறுப்பு. நான் அதைப் பொறுப்பாகத்தான் செய்தேன். வழியில் இல்லாத பள்ளத்தை எல்லாம் சொல்லி அவரைத் தாண்ட வைப்பேன். தாண்டிய பிறகு அடுத்த தெருச் சீனன் சிரிக்கிற சத்தம் கேட்டுத்தான் மாமாவுக்கு விஷயம் தெரியும்.

"டேய், கைக்குச் சிக்குன, உரிச்சிருவேன்."

"அதுக்கு மொதல்ல நான் எங்க நிக்கிறேன்னு தெரியணும்ல மாமா."

இப்படித்தான் போவோம், வருவோம்.

ஆறே மாதத்தில் மாமா நாற்காலிக்காரர் ஆகிவிட்டார். சட்டத்தைச் சுற்றியுள்ள துளைகளை விரலால் எண்ணி எண்ணிப் பிரம்பை இழுத்துக் கட்டுவார். சாயங்காலம் வந்து சோற்றில் கை வைக்குமுன் கணக்கு ஒப்பிப்பார். இன்றைக்கு ஒன்று முடித்தேன், போன வாரம் நாலு. எந்த பங்களாவில் எந்தத் துரை உட்கார்ந்திருக்கிறானோ என்பார். அப்பா, "மச்சான், உன் நாற்காலியில உக்காராத துரையே கோலாலம்பூர்ல இல்லப்பா," என்று கிண்டல் செய்வார். அம்மா அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ள மாட்டாள். குழாயடியில் போய் அப்படியே சொல்லிவிட்டு வருவாள்.

ஒரு நாள் நான் சீக்கிரமாகவே போய்விட்டேன். முன்பக்கம் மாமாவும் மற்றவர்களும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்கட்டை எட்டிப் பார்த்தேன். அந்த இடத்தின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக் கிராணி தரையில் சம்மணம் போட்டு, முந்தின வாரம் மாமா முடித்த நாற்காலியைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்த பிரம்பைத் தொட்டித் தண்ணீரில் போட்டார். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது. அப்புறம், "தம்பி, இஞ்ச வா," என்றார்.

நாற்காலி வாங்க ஆள் இல்லையாம். பிரம்பு வாங்கக் காசும் இல்லையாம். சனிக்கிழமைதோறும் துரைசானி வந்து முடித்த நாற்காலிகளைப் பார்ப்பாள், பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போவாள். திங்கட்கிழமை கிராணி பிரிக்க ஆரம்பிப்பார், அதே பிரம்பு மறுபடி முன்கட்டுக்குப் போகும்.

"வேலை இல்லையெண்டு தெரிஞ்சா இந்த ஆறு பேருக்கும் கப்பல்தான். விளங்குதோ? இது அவைக்குச் செய்யிற உபகாரம்."

எனக்கு உபகாரம் விளங்கவில்லை. ஆனால் இப்படி ஒரு வேடிக்கையை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு பக்கம் பின்ன, இன்னொரு பக்கம் பிரிக்க. "நானும் பிரிக்கவா?" என்று கேட்டேன். கிராணிக்கு இடுப்பு வலி. எனக்கு இரண்டு பிஸ்கட் தந்து வேலையை ஒப்படைத்தார்.

ஈரச் சாக்கைப் போட்டு ஊறவைத்துத்தான் பிரிக்க வேண்டும், காய்ந்த பிரம்பை இழுத்தால் நரம்பு தெறித்துவிடும் என்று சொல்லியிருந்தார். அவர் பக்கத்தில் இருந்தால் ஊறவைப்பேன். இல்லாவிட்டால் பரபரவென்று இழுப்பேன். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. முன்கட்டில் மாமா வேலை செய்துகொண்டே பாடுவது கேட்கும். ஒரு மழைக்காலம் முழுக்க இப்படி நடந்தது. ராத்திரி மாமா கணக்கு ஒப்பிக்கும்போது நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டு சிரிப்பேன்.

அப்போதுதான் பெரிய துரைமார் பார்வையிட வருகிறார்கள் என்று செய்தி வந்தது. இந்த வீட்டை வைத்திருப்பதா, மூடுவதா, யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கப்பலேற்றுவது என்று அவர்கள்தான் முடிவு செய்வார்களாம். கிராணி ஆறு பேரையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்.

"வேலை திருப்தியோ எண்டு கேப்பினம். பூரண திருப்தி எண்டு சொல்லோணும். வேற கதை கதைக்கக் கூடாது."

துரைமார் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், வழியில் நான் சொன்ன ஒரு பொய்ப் பள்ளத்தைத் தாண்டப்போய் மாமா உண்மையான சாக்கடையில் காலை விட்டார். முழங்கால் கிழிந்தது. தடியை வீசினார், குருட்டாம்போக்கில் வீசியது சரியாக என் முதுகில் விழுந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"பெரிய நாற்காலிக்காரரு. நீ பின்றதெல்லாம் எங்க போவுதுன்னு தெரியுமா? எங்கயும் போவல. நான்தான் பிரிக்கிறேன்."

மாமா அழுவார் அல்லது அடிப்பார் என்று தள்ளி நின்றேன். அவர் சாக்கடை ஓரத்திலேயே உட்கார்ந்து காலைத் துடைத்துக்கொண்டார்.

"பிரிக்கிறாங்கன்னு தெரியும்டா. மொத மாசமே தெரியும். ஒரு தடவ வளைஞ்ச பெரம்பு அதே எடத்துலதான் வளையும். வெரலுக்குத் தெரியாதா?" என்றார். முழங்காலைத் தடவிவிட்டு, "யாரு பிரிக்கிறான்னுதான் தெரியாம இருந்துச்சு," என்றார்.

நான் கீழே கிடந்த தடியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"உங்கம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. எப்பவும் சொல்லாத. அவ ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா."

"சொல்ல மாட்டேன்," என்றேன்.

மறுநாள் துரைமார் மூவர் வந்தார்கள். துரைசானி புதுத் தொப்பி போட்டிருந்தாள். முடித்த நாற்காலிகளைக் கிராணி வரிசையாக வைத்திருந்தார். கேள்வியைக் கிராணி தமிழில் கேட்க, ஒவ்வொருவரும் பூரண திருப்தி என்றார்கள். மாமாவின் முறை வந்தது. நான் அவர் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். மாமா நிமிர்ந்து நின்று சொன்னார்.

"ரொம்பத் திருப்திங்க தொரை. கண்ணு போனப்ப செத்தவனாட்டம் இருந்தேன். இப்ப கை இருக்குன்னு தெரியுது."

கிராணி அதை இங்கிலீஷில் இரண்டு மடங்காக்கிச் சொன்னார். மூவரில் பருத்த துரைக்கு அது மனசைத் தொட்டிருக்க வேண்டும். மாமாவைக் கௌரவிப்பதுபோல், அவர் பின்னிய நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பட் பட் பட் என்று தெறித்தது. துரையின் பின்பக்கம் சட்டத்துக்குள் இறங்கி, முழங்கால் மூக்கைத் தொட்டது. இரண்டு பேர் சேர்ந்து அவரைப் பிடுங்கி எடுத்தார்கள். அந்த வீட்டில் சிரித்த ஒரே ஆள் நான். வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை.

துரை வேட்டி அவிழ்ந்தவர் மாதிரி சிவந்துபோய்க் கேட்டதைக் கிராணி தமிழில் கேட்டார். "எப்பிடிக் கட்டினனீ இதை?"

மாமா குனிந்து தடவி நாற்காலியைக் கண்டுபிடித்தார். அறுந்த முனைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஊறாமல் இழுத்து நரம்பு தெறித்த பிரம்பு என்று அந்த விரலுக்குத் தெரியாமல் இருக்காது. பக்கத்தில் மற்ற ஐந்து பேரும் நின்றார்கள்.

"என் கைதாங்க சரியில்ல," என்றார் மாமா. "மத்தவங்க நல்லாக் கட்டுவாங்க. எனக்குத்தான் வரல."

துரை ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

வீட்டை மூடவில்லை. ஐந்து பேர் இருந்தார்கள். மாமாவுக்கு மட்டும் காகிதம் வந்தது. அப்பா எங்கெங்கோ போய் நின்று பார்த்தார், நடக்கவில்லை. கிராணி எங்கள் லயத்துக்கு வந்து, வாசலில் நின்றபடியே மாமாவுக்கென்று ஒரு சட்டையைக் கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் போனார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நான் நினைத்தேன்.

கிள்ளானைத் தாண்டித் துறைமுகத்துக்கு ரயிலில் போனோம். கப்பலுக்கு முன்னால் வரிசை வரிசையாக ஆட்கள். மாமா அம்மாவின் தலையைத் தடவினார், என் முகத்தையும் தடவினார். கன்னத்தைக் கிள்ளுவார் என்று விலகத் தயாராக இருந்தேன். கிள்ளவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்.

"நீ தெனமும் போனியே. உண்மையச் சொல்லு. மாமா பின்னுனது அவ்வளவு மோசமாவாடா இருந்துச்சு?"

மாமாவுக்குக் கொடுத்த வாக்கு எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"ஆமாம்மா," என்றேன். "ஒரே ஓட்ட ஓட்டையா இருக்கும்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரப்பர் மரம் பார்க்கிறாளாக்கும் என்று நானும் எக்கி அந்தப் பக்கமே பார்த்தேன்.