நௌஷாத் நானா பொலிஸுக்குச் சொன்ன நோர்வே வரலாறு

போன வெள்ளிக்கிழமை காலை கந்தோரில் ஒரு கூட்டத்தில் இருந்தபோது நௌஷாத் நானாவின் மகள் ரிஸ்லாவிடமிருந்து குரல் பதிவு வந்தது. வெளியே வந்து கேட்டேன். "அங்கிள், வாப்பா சுபஹுக்குப் பொறகு மௌத்தாகிட்டாங்க. ஜும்ஆவுக்கு முந்தி அடக்கிருவம். கஷ்டப்படல்ல அங்கிள், தூக்கத்திலயே போய்ட்டாங்க." எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் களுபோவில ஆஸ்பத்திரியில் ஆறு கிழமையாக அவர் ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து எடுத்ததைப் பார்த்தவர்கள் என்னைக் கோபிக்க மாட்டார்கள்.

யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் பாட்டுக் கேட்டு வளர்ந்த உங்கள் எல்லோருக்கும் நானாவைத் தெரியும். காலி வீதியில் இரண்டு புடவைக் கடைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்த அந்த ரெக்கோடிங் பாரையும் தெரியும். வெற்றுக் கெசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த நாள் பதிந்து, பெயர் எழுதி, கடை ஸ்டிக்கரும் ஒட்டி வைத்திருப்பார். முருகன் பாட்டோ, பைலாவோ, இந்திப் பாட்டோ, முகம் சுளிக்க மாட்டார். "கஸ்டமர் கேக்கிறதுதான் நல்ல பாட்டு" என்பார். அந்தக் கொள்கையை ஆட்டிப்பார்த்த பாவி நான்தான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வீடு கொட்டாஞ்சேனையில், கொம்பியூட்டர் வகுப்பு பம்பலப்பிட்டியில். பெரியம்மாவின் மகன் நோர்வேயில் மீன் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். அவரோடு மீன் வெட்டிய வெள்ளைக்காரப் பொடியன் ஒரு பிளாக் மெட்டல் குழுவில் பேஸ் கித்தார் வாசிப்பவன். அந்தக் குழுவின் பெயரை நாங்கள் ஒருவரும் ஒருநாளும் சரியாக உச்சரித்ததில்லை. தகரக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி கித்தார், தொண்டை கிழிகிற கத்தல். அவர்களுடைய முதல் கெசட்டை அண்ணா தபாலில் அனுப்பினார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

அதைப் பிரதி எடுக்க நானாவிடம் கொடுத்தேன். அடுத்த நாள் போனால் மனுஷன் வேர்த்துப்போய் நிற்கிறார். "தம்பி, ஒங்கட கெசட் பழுது. மூணு தரம் ஹெட்ட ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். இரைச்சல் போகவே இல்ல. கடைசில ட்ரெபிள எல்லாம் கொறைச்சி ஒரு மாதிரி சரி பண்ணிட்டேன்." போட்டுக் காட்டினார். அடுத்த வீட்டில் ஆரோ மா இடிக்கிற சத்தம் மட்டும் மிச்சம்.

"ஐயோ நானா! அந்த இரைச்சல்தான் பாட்டே!"

"அப்ப சும்மா எதுக்கு நோர்வேல இருந்து எடுத்தீங்க? எங்கட வீட்டு ஒடஞ்ச ரேடியோவத் தந்திருப்பேனே."

அன்றிலிருந்து அந்தக் கடையில் நின்று அலட்டுவதே எனக்குத் தொழிலாகிவிட்டது. அண்ணாவின் கடிதங்களில் வரும் கதையை எல்லாம் ஒப்புவிப்பேன். நான்கு பேர், உருளைக்கிழங்கு அடுக்கும் நிலவறையில் தொடங்கினார்களாம். ரெக்கோடர் இரவல். முதல் டிரம்காரன் பேக்கரியில் வேலை செய்தவன். விடியுமுன் பாண் போடப் போகவேண்டும் என்று விட்டுவிட்டுப் போனான். முதல் கெசட்டில் பாடுகிறவனே டிரம்மும் அடித்தான். நானா மற்றவர்களின் பாட்டுகளைப் பதிந்துகொண்டே "ம்ம், ம்ம்" என்று கேட்பார். கேட்கிறாரா, மரியாதைக்குத் தலையாட்டுகிறாரா என்று எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு நாள் மத்தியானம், வகுப்பு முடிந்து வரும்போது, சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே நானா இரைச்சலோடு திரும்பப் பதிந்து தந்த கெசட், அண்ணா அனுப்பிய அந்தக் குழுவின் படத்தின் போட்டோ பிரதி. முகமெல்லாம் கறுப்பும் வெள்ளையும் பூசிய நான்கு பேர், இடுப்பில் துப்பாக்கி ரவை கோத்த பட்டி, பின்னால் காடு. நோர்வேயின் பனி போட்டோ பிரதியில் வெறும் வெள்ளையாகப் போயிருந்தது. பார்த்தவனுக்கு அது பயிற்சி முகாம். வைத்திருந்தவன் தமிழன். சோலி முடிந்தது.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி படத்தை மேசையில் தட்டித் தட்டி, "மே கவுத?" என்று கேட்டார், இவர்கள் யார் என்று. என் சிங்களம் அன்றைக்கு நாக்கில் ஒட்டிக்கொண்டது. கெசட்டை எங்கே பதிந்தாய் என்று கேட்டபோது மட்டும் பதில் உடனே வந்தது. பயத்தில் நானாவின் பெயரையும் சொல்லிக் கடையைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். ஸ்டிக்கரில் இருந்த நம்பருக்கு அவர்கள் போன் எடுத்தார்கள்.

அவர் கடையைப் பூட்டிவிட்டு எங்கேயாவது போயிருக்கலாம். "எத்தனையோ பேர் வாறாங்க, எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். அரை மணித்தியாலத்தில், கக்கத்தில் கெசட் பிளேயரோடு வந்து நின்றார். மேசையில் வைத்து, என் கெசட்டைப் போட்டு அமத்தினார். முதல் கத்தலிலேயே எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் பேனையைக் கீழே போட்டான்.

"மேக சிந்துவக்த?" பொறுப்பதிகாரிக்கு இது பாட்டு என்று நம்ப முடியவில்லை.

நானா சிங்களத்தில் தொடங்கினார். நிலவறை, இரவல் ரெக்கோடர், முகத்துப் பூச்சு மேடைக்காக, ரவைப் பட்டி வெறும் அலங்காரம். ஒன்றையும் விடவில்லை. இவ்வளவு காலமும் அந்த மனுஷன் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்! "முதல் கெசட்டில் டிரம் அடித்தது ஒரு பேக்கரிப் பையன்" என்று அவர் சொன்னதுதான் தாமதம், எனக்கு வாய் பொறுக்கவில்லை.

"இல்லை நானா, பிழை. அவன் அதுக்கு முதலே போயிட்டான். அடிச்சது பாடுறவன்தான்."

"நீங்கதானே பேக்கரிக்காரன்னு சொன்னீங்க?"

"அது ரெக்கோட் பண்ண முதல். எத்தினை தரம் சொன்னனான்?"

"சும்மா இரிங்க தம்பி! ஒருத்தன் கத்திக்கிட்டே எப்பிடி டிரம் அடிப்பான்?"

நான் கைதி என்பதையே மறந்து மேசையில் அடித்துக் காட்டினேன். நிமிர்ந்தால் பொறுப்பதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார். என்ன சண்டை என்று கேட்டார். நானா சொன்னார். அந்த ஆள் சிரித்தார், தொப்பை குலுங்கச் சிரித்தார். பொய் சொல்ல வந்திருந்தால் இரண்டு பேரும் ஒரே கதையைத்தான் சொல்லியிருப்பீர்கள் என்றார். பிறகு காதைப் பொத்திக்கொண்டு, "அனே, ஓக நவத்தன்ன" என்று பாட்டை நிறுத்தச் சொன்னார். கான்ஸ்டபிள் எல்லாவற்றையும் வாக்குமூலமாக எழுதினான். ஒரு நோர்வேக் குழுவின் ஆரம்ப வரலாறு, பேக்கரிப் பையன் உட்பட, சிங்களத்தில் மூன்று பக்கம். நான் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது மாலை நான்கு மணி. கடல் காற்று முகத்தில் பட்டதும் அப்படியே வீதியோரக் கட்டில் குந்தி அழுதுவிட்டேன். நிலையத்துக்குள் என்னோடு ஒரே வாங்கில் குந்தியிருந்த இன்னொரு பொடியன், அடையாள அட்டையில் பிறந்த இடம் கிளிநொச்சி என்று இருந்ததற்காகப் பிடிபட்டவன், இரண்டு வருடம் கழித்துத்தான் வெளியே வந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவனுக்காகப் பேச ஒரு நௌஷாத் நானா இருக்கவில்லை. நானா எனக்குப் பிளேன்ரீ வாங்கித் தந்தார். "அழுதது போதும். நாளைக்கு வாங்க, நல்ல முருகன் பாட்டா பதிஞ்சி தாறேன்."

இந்தக் கதையை அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். நீங்களும் பலர் கேட்டிருப்பீர்கள். ஆனால் அவரை மாட்டிவிட்டவன் நான்தான் என்ற இடத்தை மட்டும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே, ரிஸ்லா மருந்து எடுக்கப் போன நேரம் பார்த்து, ஒருவழியாகக் கேட்டேன். "நானா, அண்டைக்குப் பயத்தில உங்கட பேரச் சொல்லிப்போட்டன். உங்களையும் உள்ளுக்குப் போட்டிருப்பாங்கள். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மூச்சு வாங்கியது. ஒட்சிசன் முகமூடியைக் கொஞ்சம் தூக்கினார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அப்போது சொன்ன இந்த ஒரு வரிதான்:

"பைத்தியமா தம்பி? நீங்க சொல்லாட்டி, நான் எப்பிடி வாறது?"