அருவத்துக்கு ஒரு படம்

பதிப்பகத்தில் எல்லோரும் அவரைப் படக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சிறுவர் அகராதிக்குப் படம் போடுவது அவர் வேலை. எதையும் கண்ணால் பார்க்காமல் வரையமாட்டேன் என்று ஒரு பிடிவாதம். ஆள் படம் என்றால் மனைவிதான் எதிரே முக்காலியில் உட்கார வேண்டும். அகராதியில் ஆசிரியை, செவிலி, திருடி எல்லோருக்கும் அந்த அம்மாளின் மூக்குதான். 'கோபம்' என்ற சொல்லுக்கு மட்டும் அந்த அம்மாள் நடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

போன வருஷம் மனைவி இறந்துபோன பிறகு பென்சில் ஓடவில்லை. பிள்ளைகுட்டி கிடையாது. கொடுத்த சொற்களையெல்லாம் திருப்பிக் கொடுத்தார். பதிப்பாசிரியர் பொறுமையான பெண்தான். அவரும் எவ்வளவு நாள் பொறுப்பார்? 'அருவம்' என்ற சொல்லைக் கொடுத்து, இதுவும் வராவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். படக்காரருக்கு நாலு வார்த்தை பேச அந்த அலுவலகத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

உருவம் இல்லாதது அருவம். காற்று, மணம், குரல், பயம் என்று விளக்கம் எழுதியாயிற்று. படம்தான் பாக்கி. காற்றுக்காக வளைந்த மரத்தைப் போட்டார். பிள்ளைகள் மரம் என்றே படிப்பார்கள் என்று திரும்பி வந்தது. புகைமாதிரி வெள்ளையாக ஒன்றை வரைந்தார். அது பேய், அதற்குத் தனிப் பக்கமே இருக்கிறது என்றார் பதிப்பாசிரியர்.

ஞாயிற்றுக்கிழமை பலகையை மடியில் வைத்து உட்கார்ந்தவர், பழக்கதோஷத்தில், "கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பேன்" என்றார். சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் ஓவென்று அழுதுவிட்டார். கேட்க ஆளில்லாத வீட்டில் அழ என்ன வெட்கம்? அழுது முடித்து, கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவைத்துத் தன்னையே வரைந்தார். பென்சிலை நிறுத்திவிட்டு, எதிரே இருக்கும் வெறும் முக்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கும் கிழவர்.

மறுநாள் பதிப்பாசிரியர் படத்தை வெகுநேரம் பார்த்தார். கிழவர் யாரென்று தெரிந்தது. இதையே போட்டுவிடலாம் என்று சொல்லி, படத்துக்கு அடியில் எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதினார்: 'அவர் எதிரே யாரும் இல்லை.'

இத்தனை வருஷத்தில் படக்காரர் ஒரு வாக்கியத்தில்கூடத் தலையிட்டதில்லை. இப்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"படம் வேண்டாம்னா எடுத்துடுங்க மேடம். வேலையைக்கூட வேற யாருக்காவது குடுத்துடுங்க. யாரும் இல்லைன்னு மட்டும் எழுதாதீங்க."