முப்பத்தேழு டிகிரி

லேப்களில் கிருமி வளர்க்கும் இன்குபேட்டர், ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. திருவண்ணாமலையில், வேங்கிக்காலைத் தாண்டி இருக்கும் ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில்தான் அவரைப் பார்த்தேன். ஆராய்ச்சி மாணவி என்றார்கள், காதோரம் நரைத்திருந்தது. எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டாவில் துடைத்து, மாட்டிய பிறகுதான் பதில் வரும்.

இன்குபேட்டரைச் சரிசெய்து கொடுத்த மறுவாரமே திரும்பக் கூப்பிட்டார்.

"மெஷின் ஓடலீங்களா மேடம்?"

கண்ணாடியைத் துடைத்தார். "நல்லா ஓடுதுங்க. உள்ள இருந்த ஈஸ்ட்தான் கெட்டுப்போச்சு."

"செத்துடுச்சா?"

"இல்ல, நல்லாத்தான் வளந்திருக்கு. மத்த ஈஸ்ட்டைக் கொல்ற விஷம் அதுகிட்ட இருந்துச்சு. அந்த விஷத்துக்கான ஜீனும், அதுலேருந்து தன்னைக் காப்பாத்திக்கிற ஜீனும் ஒரே சின்ன இழையில இருக்கும். சூடு ஜாஸ்தியானதுல அந்த இழை போயிடுச்சு. இப்ப விஷம் இருக்கிற கூடப்பொறந்ததைப் பக்கத்துல வெச்சாலே இது செத்துடும். மூணு வருஷமா வளத்தது."

"எத்தினி டிகிரில வெக்கணும்?"

"முப்பதுங்க."

ஆஸ்பத்திரி லேப்களிலேயே பழகிய கை என்னுடையது. எந்த இன்குபேட்டரையும் முப்பத்தேழில் வைத்து, அதையே சீட்டில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டு வருவேன். இங்கும் ஒட்டியிருந்தேன்.

அவர் அந்தச் சீட்டை நகத்தால் மெதுவாக உரித்தார். இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"முப்பதுல வெச்சிட்டுப் போங்க. நானும் ஒரு வாரமா இதைப் பாத்துக்கிட்டேதான் கதவைத் தொறந்து மூடியிருக்கேன்."

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று இன்றுவரை தெரியவில்லை.