பருத்தி என்று சொன்ன சல்வார்

என் கணவர் கரைவலை இழுக்கிறவர். மீனோடு சேர்ந்து வலையில் ஏறும் உடுப்புகளைக் கரையில் ஒரு பக்கமாகப் போட்டுவைப்பார். ஒரு நாள் காலை அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டு போனபோது அந்தக் குவியலைக் கிளறிப் பார்த்தேன். ஒரு சின்னப் பிள்ளையின் கவுன் இருந்தது. எத்தனை காலம் கடலுக்குள் கிடந்ததோ தெரியாது. கழுத்தில் தைத்திருந்த மினுக்கம்கூடப் போகவில்லை. கழுவிக் காயப்போட்டால் இன்னொரு பிள்ளைக்கு உடுத்திவிடலாம்.

"இது உக்காது புள்ள. நாம மவுத்தாப் போனாலும் இது கடலுக்குள்ளதான் கிடக்கும்," என்றார்.

அன்றைக்கு நினைத்துக்கொண்டேன், இனி எனக்கு உடுப்பு வாங்கினால் பருத்திதான் என்று. சொல்வது லேசு. எங்கள் பக்கத்துக் கடைகளில் தொங்குவதில் முக்கால்வாசி அந்தக் கவுனைப் போலப் பொலியெஸ்டர். விற்கிறவருக்கே அது என்ன துணியென்று தெரியாது. எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னர் ஏழு வருசம் கார்மென்ட் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவள் நான். வந்திறங்கும் துணியைச் சோதிக்கிற மேசையில்தான் என்னை வைத்திருந்தார்கள்.

போன நோன்புப் பெருநாளைக்கு உடுப்பு எடுக்க நானும் தங்கச்சியும் எங்கள் ஊர் சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்குப் போனோம். நல்ல வெயில், இரண்டு பேருக்கும் நோன்பு. மூன்று கடை ஏறி இறங்கிய பிறகு, புதிதாகத் திறந்திருந்த ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தோம். நடுவில் தனியாக ஒரு வரிசை சல்வார்கள். ஒவ்வொன்றிலும் பச்சை இலை போட்ட அட்டை. "நூறு வீதம் இயற்கைப் பருத்தி. பூமிக்குத் தீங்கில்லை." விலை மற்றச் சல்வார்களைப் போல இரண்டு மடங்கு.

தங்கச்சிக்குச் சந்தோசம். "ராத்தா, நீ தேடினது இரிக்கி. வாங்கிட்டுப் போவம். கால் கடுக்குது."

நான் ஒன்றை எடுத்து உள்பக்கம் புரட்டினேன். விரலுக்கு வழுக்கியது. கசக்கிப் பிடித்து விட்டேன், ஒரு சுருக்கம் விழவில்லை. அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடும் வயதில் முதலாளி வந்தார்.

"இது பருத்தியா காக்கா?"

"ஓம் ராத்தா. அட்டையில போட்டிரிக்கே."

"அட்டை செல்லுது. நீங்க என்ன செல்றீங்க?"

"நானும் அதத்தான் செல்றன்."

தையலுக்கு உள்ளே விட்டிருந்த துணியின் ஓரத்தில் ஓர் இழையை உருவினேன். காசு மேசையில் ஊதுபத்திக்குப் பக்கத்தில் நெருப்புப்பெட்டி கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே படியில் போய் நின்றேன். "ராத்தா, மானம் போகுது, வா," என்று தங்கச்சி என் கையைப் பிடித்து இழுத்தாள். குச்சியை உரசி இழையில் பிடித்தேன். பருத்தியென்றால் கடதாசி எரிகிற மணம் வரும், சாம்பல் தொட்டதும் உதிரும். இது சுருண்டது, உருகியது, கறுத்த புகை விட்டது. கடைசியில் நுனியில் கல்லுப் போல ஒரு கறுப்பு மணி நின்றது.

உள்ளே வந்து அதை முதலாளியின் உள்ளங்கையில் வைத்தேன். உடுப்புப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களும் கிட்ட வந்துவிட்டார்கள்.

"நீங்க எரிச்சது தையல் நூல். தையல் நூல் எல்லாத்திலயும் பொலியெஸ்டர்தான்," என்றார் அவர்.

"தையல் நூல் இரட்டை முறுக்கு. இது துணியில இரிந்து உருவினது. நீங்களே ஒண்டை உருவித் தாங்க, எரிச்சிக் காட்டுறன்."

"படிச்ச ஆக்கள் மாதிரிக் கதைக்காதீங்க ராத்தா. வேணுமென்டா வாங்குங்க, இல்லாட்டிப் போங்க."

"நான் படிக்கல்ல. துணி பாத்திரிக்கன்," என்றேன். "பொலியெஸ்டர விக்கிறது உங்கட விருப்பம். அத பருத்தியென்டு விக்காதீங்க. அதுவும் நோன்பு மாதத்தில."

இலை அட்டைச் சல்வாரைக் கையில் வைத்திருந்த ஒரு பெண் அதை மெல்லத் திரும்பக் கம்பியில் கொழுவினாள். நாங்கள் வெளியே வந்தோம். பஸ்ஸில் தங்கச்சி எனக்கு முன் சீட்டில் போய் இருந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்ததும் அந்த முதலாளி யாரிடமோ விசாரித்து என் கணவரைப் பிடித்து முறைப்பாடு சொல்லியிருக்கிறார். கடையில் நடந்தது எதுவும் அதுவரை தெரியாத என் கணவர், "அவள் செல்லினது பொய்யென்டா செல்லுங்க, நான் கேட்டு வைக்கிறன்," என்றாராம். முதலாளி தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டாராம். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே இதைச் சொன்னார். பிறகு, "இனிக் கடையில நெருப்புப் பத்த வைக்காத," என்றும் சொன்னார். படியில்தான் பற்ற வைத்தேன் என்றேன்.

உடுப்பு எடுக்க மருதமுனைக்குப் போனேன். தறி வைத்திருக்கும் ஒரு வீட்டின் முன் அறையில் துணி விற்கிறார்கள். நீலமும் பழுப்பும் கலந்த ஒரு துணி எனக்குப் பிடித்துப் போயிற்று. பருத்தியா என்று கேட்டேன்.

"பாதிதான் ராத்தா," என்றாள் விற்ற பெண். "நீட்டுக்கு ஓடுற பாவு பருத்தி. குறுக்க ஓடுற ஊடு பொலியெஸ்டர். சாயமும் கொழும்பில இரிந்து வாற மருந்துச் சாயம்தான். முழுப் பருத்தி வேணுமென்டா வெள்ளை மட்டும்தான் இப்ப இரிக்கி."

வெள்ளையில் நாலு யார் துணி வாங்கினேன். அந்த நீலத்தை எடுக்காமல் வந்தேன், ஆனால் மனம் கேட்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பெருநாளன்று மதினிமார் என் வெள்ளை உடுப்பைப் பார்த்து, மக்காவுக்கு உம்றா போகவா வெளிக்கிட்டாய் என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன். அட்டையை நம்பக்கூடாது என்று பட்டதால், தங்கச்சியிடம் அவள் பூசும் முகக் கிரீமையும் கொண்டுவரச் சொன்னேன். டப்பாவில் மூலிகைப் படம் இருந்தது, உள்ளே என்ன இருக்கிறதென்று ஒரு வரி இல்லை. அவள் இன்னும் அதைப் பூசுகிறாள். என் முன்னால் பூசுவதில்லை.

பெருநாள் போய் ஒரு மாதத்தில் மீண்டும் அந்தக் கல்முனைக் கடைக்குப் போனேன். நான் ஏன் ஒளிய வேண்டும்? இலை அட்டைகள் ஒன்றும் இல்லை, அதே சல்வார்கள் அதே வரிசையில் தொங்கின. முதலாளி தூரத்திலிருந்தே கண்டுவிட்டார்.

"அதெல்லாம் பொலியெஸ்டர் ராத்தா. நூல் உருவாதீங்க."

"அப்ப விலை ஏன் காக்கா இன்னும் அதே விலை?"

அவர் விலையைக் குறைக்கவில்லை. நானும் வாங்கவில்லை. ஆனால் வரிசையில் இருந்த ஒவ்வொரு சல்வாரையும் உள்பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.